மடியிலிருந்து இருக்கைக்கு: காரில் குழந்தை உட்கார்ந்த வரலாறு

கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை எங்கள் காரிமங்கலத்தைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. முன்பு அதன் எண் 7, இப்போது 44. அதில் போகிற கார்களைப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். முன் சீட்டில் அம்மா, மடியில் குழந்தை. சில கார்களில் அப்பாவின் வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் ஒரு வாண்டு! "அம்மா மடியைவிடப் பத்திரமான இடம் உண்டா?" என்பார்கள் நம்மவர்கள். இதே நம்பிக்கை அமெரிக்காவில் ஒரு சட்டத்துக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்திருந்தது என்றால் நம்புவீர்களா?

1930களில் வந்த முதல் குழந்தை சீட்டுகளுக்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தமே இல்லை. குழந்தை காருக்குள் தவழாமல் இருக்கவும், உயரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவும்தான் அவை. 1959ல் வால்வோ கம்பெனியின் நில்ஸ் போலின் மூன்று முனை சீட் பெல்ட்டைக் கொண்டுவந்தார். ஆனால் அது பெரியவர்கள் உடம்புக்கு அளவெடுத்தது. சின்னக் குழந்தைக்குப் போட்டால் கழுத்தில் குறுக்கே விழும்.

அடுத்த யோசனை சுவாரசியமானது. ஸ்வீடன் மருத்துவர் பெர்டில் ஆல்ட்மேன், ஜெமினி விண்வெளி வீரர்கள் ராக்கெட் கிளம்பும்போது மல்லாந்து படுத்திருப்பதைக் கவனித்தார். விசை முதுகு முழுவதும் பரவுவதால் உடம்பு தாங்குகிறது. 1964ல் அதே தத்துவத்தில், காரின் பின்பக்கம் பார்த்த குழந்தை சீட்டைச் செய்து சோதித்தார். கைக்குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்து பலவீனம். முன்னோக்கி உட்கார்ந்தால் மோதும்போது தலை மட்டும் வீசப்படும். பின்னோக்கி உட்கார்ந்தால் சீட்டின் முதுகே தலையையும் தாங்கிக்கொள்ளும்.

சரி, மடி விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் விடாமல் போராடியதால், குழந்தை சீட்டைக் கட்டாயமாக்கும் அந்நாட்டின் முதல் சட்டம் 1978 ஜனவரியில் அமலானது. ஆனால் அதில் ஒரு ஓட்டை: பெரியவர் கையில் பிடித்திருந்தால் சீட்டு வேண்டாம்! எதிர்த்தவர்கள் அதற்கு 'குழந்தையை நசுக்கும் திருத்தம்' என்றே பேர் வைத்தார்கள். 1981ல்தான் அதை நீக்க முடிந்தது. 1985க்குள் எல்லா மாநிலங்களிலும் சட்டம் வந்துவிட்டது.

ஏன் 'நசுக்கும்'? நான் படிப்பது பி.காம்., ஆனாலும் பள்ளிக்கூட இயற்பியல் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் மோதி, பத்தில் ஒரு நொடியில் நிற்கிறது என்று வையுங்கள். 10 கிலோ குழந்தையை அப்போது பிடித்து நிறுத்த சுமார் 140 கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும். ஏறக்குறைய இரண்டு அரிசி மூட்டை! எந்த அம்மாவின் கையும் தாங்காது. அம்மாவும் பெல்ட் போடவில்லை என்றால், அவர் எடை முழுவதும் குழந்தை மேல்தான்.

நம் நாட்டில் 2019 திருத்தச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் 1000 ரூபாய் அபராதம் என்கிறது. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தன. டென்னசியோடு ஒப்பிட்டால் நாற்பது வருடத் தாமதம். எங்கள் பக்கம் குழந்தைகள் அதிகம் போவது காரில் அல்ல, பைக்கில். அதற்கும் 2022 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது: நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட், ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம். 2023 பிப்ரவரியிலிருந்து அமல். யாராவது கட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

சீட்டு விலை சில ஆயிரம் ரூபாய் ஆகிறது, பிள்ளை வளர்ந்ததும் வீண்தானே என்று வணிகவியல் மூளை கணக்குப் போடும். சொந்தக்காரர்களிடம் வாங்கிக்கொள்ளலாம்; ஆனால் ஒருமுறை விபத்தில் சிக்கிய சீட்டு வேண்டாம், வெளியே தெரியாத விரிசல் இருக்கலாம். வயதைவிடக் குழந்தையின் எடையும் உயரமும் சீட்டின் லேபிளில் உள்ள அளவுக்குள் வருகிறதா என்று பாருங்கள். முடிந்தவரை பின்னோக்கிய நிலையிலேயே வையுங்கள். மாட்டிய பிறகு சீட்டைப் பிடித்து ஆட்டினால் அதிகம் அசையக்கூடாது, தோள் பட்டையை விரலால் கிள்ளிப் பிடிக்க முடியக்கூடாது. ஏர்பேக் உள்ள முன் சீட்டில் பின்னோக்கிய இருக்கையை வைக்கவே கூடாது. பை விரியும்போது இருக்கையின் முதுகில், அதாவது குழந்தையின் தலைக்கு நேர் பின்னால்தான் அறையும்.