நடுவீட்டில் நாய்

"நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும்..." என்று ஒரு பழமொழி உண்டு. மீதியை நான் எழுத வேண்டியதில்லை. நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். போன தை மாதம் என் பேத்தி இரண்டு மாதக் குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "தாத்தா, இவன் பேர் லூயி. இனிமே இங்கதான் இருப்பான்" என்றாள். என் மனைவி உடனே பூஜை அறைக் கதவைச் சாத்தினாள். குட்டியை இறக்கி விட்டதும் கூடத்தின் நடுவே ஒரு குளம் கட்டியது. "என்னங்க, உங்க ராஜா வேலையைக் காட்டிட்டார்" என்று துணியை என் கையில் கொடுத்தாள். பழமொழி சரிதானோ என்று தோன்றியது. அன்று தொடங்கியது இந்த ஆராய்ச்சி.

நம் பக்கத்து நாய்க்கு இந்தப் பயிற்சி தேவைப்பட்டதே இல்லை. சங்கப் பாடல்களில் ஞமலி என்றும் ஞாளி என்றும் வரும் நாய் வேட்டைக்குப் போனது, காவல் காத்தது. முத்தியால்பேட்டையில் எங்கள் அப்பா வீட்டிலும் அதன் எல்லை திண்ணைதான். நடையைத் தாண்டினால் துடைப்பம் பறக்கும். வெளியிலேயே வாழ்கிற பிராணிக்கு எங்கே ஒதுங்குவது என்று யார் சொல்லித் தர வேண்டும்? அதை உள்ளே வைத்துக்கொள்ளும் ஆசை நமக்கு வந்த பிறகுதான் இந்தப் பிரச்சினை வருகிறது.

பிரான்சில் அந்த ஆசை அரண்மனை வரை போயிருந்தது. பதினான்காம் லூயி மன்னர் வெர்சாய் அரண்மனையில் தம் வேட்டை நாய்களுக்கென்று தனி அறை வைத்திருந்தார். தம் கையாலேயே அவற்றுக்குத் தின்பண்டம் கொடுப்பார். அவர் காலத்தில், 1668இல், ரசீன் எழுதிய 'லெ ப்ளேதேர்' நாடகத்தைப் பிரெஞ்சு வகுப்பில் படித்தோம். அதில் சேவலைத் திருடித் தின்ற ஒரு நாய்க்கு விசாரணை நடக்கிறது. நீதிபதி மனம் இளகட்டும் என்று வக்கீல் அதன் குட்டிகளைக் கொண்டு வந்து நிறுத்துகிறார். அவை அங்கேயே சிறுநீர் கழித்துவிடுகின்றன. அது அவற்றின் கண்ணீர் என்று வக்கீல் சமாளிக்கிறார்! வகுப்பே சிரித்தது. 350 வருஷத்துக்கு முன்பே இந்தத் தொல்லை பாரிஸ் மேடை ஏறிவிட்டது.

அடுத்த நூற்றாண்டில் நாய்க்கு வீட்டுக்குள்ளேயே வீடு கிடைத்தது. 1775க்கும் 1780க்கும் இடையில் பாரிஸ் தச்சர் க்ளோத் செனே செய்த நாய்க்கூடு ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தங்கப் பூச்சு, பட்டு, வெல்வெட் என்று ஒரே ஆடம்பரம். நாய்க்கூட்டுக்குப் பிரெஞ்சில் 'நிஷ்' என்று பெயர். பறவை கூடு கட்டுவதை 'நிஷே' என்பார்கள். ஆகவே அது சிறை அல்ல, கூடு.

குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் ஆகையால் வரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் 1855 மே 2ஆம் தேதிச் சட்டம் நாய்களுக்கு வரி போட்டது. 1 பிராங்க் முதல் 10 பிராங்க் வரை. செல்லத்துக்கும் வேட்டைக்கும் வளர்க்கும் நாய் மேல் வகுப்பு. மந்தையையும் வீட்டையும் காப்பது, பார்வையற்றவருக்கு வழிகாட்டுவது எல்லாம் கீழ் வகுப்பு. அதாவது திண்ணை நாய்க்குக் குறைவு, நடுவீட்டு நாய்க்கு அதிகம். 1971இல்தான் அந்த வரியை எடுத்தார்கள்.

இனி நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று. எனக்குப் பத்து வயது இருக்கும். ஒரு புயல் மழை இரவில் எங்கள் திண்ணை நாய் மணி உள்ளே வந்து கூடத்தை அசிங்கம் பண்ணிவிட்டது. "மூக்கைப் பிடித்துத் தேய், அப்போதுதான் புத்தி வரும்" என்றார் அப்பா. நான் தேய்த்தேன். அதற்குப் பிறகு என் காலடிச் சத்தம் கேட்டாலே மணி ஒதுங்கிப் போகும். சாகும் வரை அப்படித்தான். கூடம் அசுத்தமாகக் கூடாது என்பதை அது கற்கவில்லை. என் கையை நம்பக் கூடாது என்பதைத்தான் கற்றது.

அந்தக் காலத்தில் எல்லா ஊரிலும் இதே பாடம்தான். அமெரிக்காவில் நாய் வளர்ப்பதற்குப் பெயர் போன நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள்கூட, 1978இல் எழுதிய புத்தகத்தில், தப்பு செய்த நாயை மல்லாக்கத் தள்ளி அடக்கச் சொன்னார்கள். 2002 பதிப்பில் அது வேண்டாம் என்று திருத்திக்கொண்டார்கள். துறவிகளே திருத்திக்கொள்ளும்போது நான் திருந்துவதற்கு என்ன?

லூயிக்கு ஒரு மரப்பெட்டி செய்தேன். எழுந்து நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க மட்டும் இடம். நாய் தான் தூங்கும் இடத்தை முடிந்தவரை அசுத்தம் செய்யாது. பெட்டி பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் படுத்து மறு மூலையில் காரியத்தை முடித்துவிடும். சோற்றை உள்ளே வைத்துப் பழக்கினேன். தண்டனைக்காக ஒருநாளும் அடைக்கவில்லை. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தோட்டத்துக்குத் தூக்கிப் போவேன். காரியம் முடிந்த அந்த நொடியே ஒரு துண்டு பிஸ்கட், ஒரு பாராட்டு. உள்ளே தவறினால் வினிகர் கலந்த தண்ணீரால் துடைப்பேன். வாசனை மிஞ்சினால் அதே இடத்துக்கு வரும். இதையும் அளவோடு செய்ய வேண்டும். நாயை வழக்கமாகக் கூண்டில் அடைத்து வைக்க சுவீடனிலும் பின்லாந்திலும் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

இரவில் எழ வேண்டுமே என்று மகள் கவலைப்பட்டாள். எழுபது தாண்டியவனுக்கு இரவில் இரண்டு முறை எழுவது புதிதா? எனக்குத் துணை கிடைத்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் பழகிய நாயைப் பிரெஞ்சில் 'ப்ரோப்ர்' என்பார்கள். அந்தச் சொல் பெயருக்குப் பின்னால் வந்தால் 'சுத்தமான', முன்னால் வந்தால் 'சொந்த'. பள்ளியில் இதை மாற்றி எழுதி மார்க் இழந்தவன் நான். இரண்டு அர்த்தமும் ஒரே சொல்லுக்குள் ஏன் இருக்கின்றன என்று இப்போது கொஞ்சம் புரிகிறது.

நேற்று இரவு இடி இடித்தது. லூயி பெட்டியை விட்டு வந்து என் உள்ளங்கையில் மூக்கை வைத்துப் படுத்துக்கொண்டது. நான் அசையாமல் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.