சமயச் சீர்திருத்தமும் தஞ்சைச் சிப்பாய் ராசநாயக்கனும்

வரலாற்று வகுப்பில் ஐரோப்பியச் சமயச் சீர்திருத்தத்தை நடத்தும்போது மாணவர் எவரேனும் எழுந்து, "ஐயா, ஜெர்மானியத் துறவி ஒருவர் போப்பாண்டவரோடு மாறுபட்டதனால் திருத்தணியிலிருக்கும் நமக்கு என்ன?" என்று கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. நம் கல்விச் சங்கத்தின் இவ்வெள்ளிவிழா மலரில் அதற்கு விடை கூற முற்படுகின்றோம். எச்சமயத்திற்காகவும் வாதாடுவது நம் நோக்கமன்று. நம்மிடையே தணிகை முருகனை வணங்குவோர் உளர். இயேசுவை வணங்குவோர் உளர். அண்ணல் அம்பேத்கர் காட்டிய புத்தர் நெறியில் நிற்போரும் உளர். எழுத்தறிவு நம் முன்னோர்க்கு எதைத் தந்தது, எதைத் தராமல் விட்டது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

1517-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் விட்டன்பர்க் நகரில் மார்ட்டின் லூதர் என்னும் துறவி, பாவமன்னிப்புச் சீட்டு வாணிகத்தை எதிர்த்து 95 கருத்துரைகளை வெளியிட்டார். 1521-இல் போப்பாண்டவர் அவரைத் திருச்சபையினின்று விலக்கினார். அதே ஆண்டில் வோர்ம்சு நகரப் பேரவையில் பேரரசரின் முன்னிலையிலும் அவர் தம் கருத்தைக் கைவிட மறுத்தார். சூரிக் நகரில் சுவிங்கிளியும், பின்னர் ஜெனீவாவில் கால்வினும் தத்தம் வழியில் சீர்திருத்தத்தை நடத்தினர்.

லூதரின் கொள்கைகளுள் இரண்டு நம் கருத்திற்குரியன. திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் கடவுள் முன் குருவே என்று 1520-இல் அவர் எழுதியது ஒன்று. ஒவ்வொருவரும் மறைநூலைத் தம் தாய்மொழியில் படித்தறிய வேண்டும் என்பது மற்றொன்று. 1522-இல் புதிய ஏற்பாட்டையும் 1534-இல் விவிலியம் முழுவதையும் அவர் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். பள்ளிகளை நிறுவுமாறு 1524-இல் நகர மன்றத்தார்க்கு எழுதினார். நூலைக் கொடுப்பவன் படிக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டுமன்றோ?

ஆயின் அக்கொள்கைக்கு அவரே ஓர் எல்லையிட்டார். 1525-இல் ஜெர்மானியக் குடியானவர்கள் தம் குறைகளைப் பன்னிரண்டு கோரிக்கைகளாக வடித்து, கிறித்து எல்லோரையும் மீட்டிருக்கத் தாங்கள் மட்டும் பண்ணையடிமைகளாக இருப்பது முறையோ என்று வினவினர். கிளர்ச்சி மூண்டபோது லூதர் பிரபுக்களின் பக்கம் நின்று, அதனை வாளால் அடக்குமாறு எழுதினார். குடியானவர் பல்லாயிரவர் மாண்டனர். கடவுள் முன் எல்லோரும் சமம். கழனியில் சமமில்லை என்றாயிற்று.

நிற்க. இச்சீர்திருத்தம் தமிழகத்திற்கு வந்த வரலாற்றைக் காண்போம். கத்தோலிக்கம் ஈண்டு முன்னரே வேரூன்றியிருந்தது. தமிழை முதன்முதல் அச்சேற்றிய பெருமையும் கத்தோலிக்கரையே சாரும். என்றிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. எனினும் அது வேதபாடச் சுருக்கமேயன்றி விவிலியமன்று. 1706-ஆம் ஆண்டு சூலை 9-ஆம் நாள் டென்மார்க் மன்னர் அனுப்பிய சீகன்பால்கு, புளுட்சோ என்னும் இரு லூத்தரன் குருமார் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். சீகன்பால்கு தமிழ்ச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்தெழுதிக் கற்றார். அவர் மொழிபெயர்த்த நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-இலும், புதிய ஏற்பாட்டின் எஞ்சிய பகுதி 1715-இலும் தரங்கம்பாடி அச்சகத்தில் வெளிவந்தன. இந்திய மொழியொன்றில் அச்சான முதற் புதிய ஏற்பாடு அதுவே.

அந்நூற்படிகளுள் ஒன்று தஞ்சை மன்னர் படையில் பணியாற்றிய ராசநாயக்கன் என்பவர் கையை எட்டியது. அவர் பறையர் எனப்பட்ட நம் குலத்தவர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். குரு எவரும் அருகிருந்து பொருள் கூறாமல் தாமே படித்தார், ஐயங்கள் எழுந்தன, தரங்கம்பாடியாரோடு தொடர்பு கொண்டு, 1720-களின் பிற்பகுதியில் லூத்தரன் சபையிற் சேர்ந்தார். படைப்பணி துறந்து உபதேசியாராகி, ஐரோப்பியக் குருமார் எளிதில் நுழைய இயலாத தஞ்சை நாட்டில் ஊரூராகச் சென்று சபைகளைக் கட்டினார். பழைய சபையினரின் பகையும் அடியும் அவரை வருத்தின; அவர் பின்வாங்கவில்லை. விட்டன்பர்க்கில் நிகழ்ந்த பிரிவு, இருநூறு ஆண்டுகளுக்குப் பின் தஞ்சைச் சேரியில் ஒரு சிப்பாயின் உள்ளத்தில் மீண்டும் நிகழ்ந்தது எனலாம்.

இம்மாற்றம் சிறியதன்று என்பதற்கு வீரமாமுனிவரே சான்று. தேம்பாவணி பாடிய அப்பெரும்புலவர் லூத்தரன் கொள்கையை மறுத்து 'வேதவிளக்கம்', 'பேதகமறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' என நூல்கள் இயற்றினார். எளியவர் கையிற் சென்ற நூல் புலவரையும் எழுதுகோல் ஏந்தச் செய்தது.

ஆயின் ராசநாயக்கனுக்கு நேர்ந்ததென்ன? 1733-இல் ஆரோன் என்னும் வேளாளர் முதல் தமிழ் லூத்தரன் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1741-இல் மற்றொருவரைத் தெரிந்தெடுக்க வேண்டியிருந்தபோது ராசநாயக்கனின் பெயரும் எண்ணப்பட்டது. அவர் தகுதியில் குறையில்லை. எனினும் அவர் கையால் திருவிருந்து பெற ஏனைச் சாதியார் இசையார் என்று குருமார் அஞ்சினர். தியோகு என்பவர் குருவானார்; ராசநாயக்கன் 1771-இல் மறையும்வரை உபதேசியாராகவே இருந்தார். எல்லோரும் குருவே என்ற லூதரின் சபையில் அவருக்குக் குருப்பட்டம் கிட்டவில்லை. தரங்கம்பாடிக் கோயிலில் நம்மவர்க்கு இருக்கையும் தனியே இருந்தது. கத்தோலிக்கர் நிலையும் வேறன்று. 1640 முதல் மதுரை மிசனில் தாழ்ந்தோர் எனப்பட்டவர்க்கெனப் பண்டாரசாமிகள் என்னும் தனிக் குருமார் ஏற்பட்டிருந்தனர். இரு வீடும் வேறு, வாயிற்படி ஒன்றே. 1833-இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே கூடாதென்று ஆணையிட்டபோது, தஞ்சையிலும் சென்னையிலும் பலர் சாதியை விடாது சபையை விட்டகன்றனர்.

இனி மாணவர் கேட்ட கேள்விக்கு வருவோம். 1947-ஆம் ஆண்டின் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் கோயிற் கதவுகளை நம்மவர்க்குத் திறந்தது. ஆயின் கருவறையில் நின்று பூசை செய்வோர் யார் என்னும் கேள்வி எஞ்சி நின்றது. பரம்பரை உரிமையை நீக்கி 1970-இல் தமிழக அரசு சட்டம் இயற்றியது; அரசு பயிற்றுவித்த பல சாதி அர்ச்சகர்கள் கோயில்களில் நியமனம் பெற 2021 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அன்று ராசநாயக்கன் முன் நின்ற கேள்வியும் இதுவன்றோ? உள்ளே வரலாம், ஆயின் உன் கையால் வாங்குவோமா என்பதே அது.

ஆகவே இளைஞர்களே, இரண்டு பாடங்களை மனத்திற் கொள்வீர். முதலாவது, பிறர் படித்துச் சொல்வதைக் கேட்டு அமையாது, சட்டமாயினும் சாத்திரமாயினும் நீவிரே படியுங்கள். ராசநாயக்கனை விழிக்கச் செய்தது அவர் தாமே படித்த ஒரு நூல். இரண்டாவது, படித்தவுடன் எல்லாம் கைகூடிவிட்டதென்று அமையாதீர். நூலைக் கொடுத்த கைகளே இருக்கையை மறுத்ததை வரலாறு காட்டுகின்றது. பள்ளியில், அலுவலகத்தில், வழிபாட்டிடத்தில், நம் சங்கத்திலுங்கூடத்தான், முடிவெடுக்கும் இருக்கைகளில் யார் அமர்ந்துள்ளார், எவர் இன்னும் வெளியே நிற்கின்றார், நம் பெண்மக்களுக்கு அங்கு இடமுண்டா என்று நோக்குவீர். இருபத்தைந்து ஆண்டுகள் நம் பிள்ளைகளுக்கு ஏட்டைத் திறந்து காட்டிய சங்கம், வரும் ஆண்டுகளில் அவ்விருக்கைகளுக்கும் வழிகாட்டுமாக.

வாழ்க கல்வி! வளர்க நம் சங்கம்!