சோழநாட்டு மரக்கறி உணவும் உடல்நலமும்

சைவம் என்னுஞ் சொல் ஒரு சமயத்தின் பெயராதலோடு ஊன் கலவாத உணவின் பெயராகவும் தமிழ்நாட்டில் வழங்குதல் யாவரும் அறிந்ததே. ஒரு சமயத்தின் பெயரே அடுக்களைக்கும் பெயராதல் உலகில் அரிது. திருமூலநாயனார் தமது திருமந்திரத்துள் கொல்லாமைக்கும் புலால் மறுத்தலுக்கும் தனித்தனியே இடம் வகுத்தருளினார். அவ்விலக்கு உயிர்கள்பால் வைத்த அருளை முதலாகக் கொண்டு எழுந்தது. உடல்நலம் பற்றிய ஆராய்ச்சி அதன்பின் வந்தது. இஞ்ஞான்றோ அம்முறை சிலரிடத்து மாறி நிற்கின்றது. நீரிழிவு, குருதிக்கொதிப்பு, நெஞ்சுநோய் முதலியவற்றிற்கு அஞ்சி, ஊனை மட்டுமன்றிப் பால், தயிர், மோர், நெய் என்பவற்றையும் ஒருங்கே துறந்து, நிலத்தில் விளைவனவற்றையே உண்ணத் தலைப்பட்டார் பலர் உளர். நெற்சோற்றையே நெடுங்காலம் உண்டு வாழ்ந்த காவிரிநாட்டின் வரலாறு இன்னோர்க்குக் கூறுவது யாது என்பது ஆராயற்பாலது.

முதற்கண் பாலைப்பற்றிக் காண்பாம். சைவ மரபு பாலை ஊனாகக் கருதியதின்று. திருமூலர் புகுந்த உடல் சாத்தனூர் ஆயனுடையது; மேய்ப்பன் இறந்தமையால் கதறிய ஆக்களின் துயர் தீர்க்கவே அவர் அவ்வுடலிற் புகுந்தனர். சேய்ஞலூரில் கன்றை ஈன்ற ஆவொன்றை ஆயன் அடித்தது பொறாது தாமே ஆனிரை மேய்த்த விசாரசருமர், அவ்வாக்கள் கனிந்து தாமே சொரிந்த பாலை மணல் இலிங்கத்திற்கு ஆட்டிச் சண்டேசுரப் பதம் பெற்றனர். இவ்விரண்டும் காவிரிநாட்டு நிகழ்ச்சிகளே. கன்றின் வயிறு நிறைந்து எஞ்சிய பாலே கொள்ளத்தக்கது என்னும் கருத்து இவற்றின் உள்ளுறையாதலின், இக்காலத்துப் பாற்பண்ணைகளின் வழக்கங்கண்டு அருள்பற்றிப் பாலைத் துறப்பாரைச் சைவர் இகழ்தற்கு இடமின்று. மரபு பாலை உண்ணுமாறு எவரையும் கட்டாயப்படுத்தியதும் இன்று.

கல்வெட்டுக்கள் காட்டும் பாற்பொருளோ பெரும்பாலும் விளக்கிற்கே சென்றது. திருநந்தாவிளக்கு ஒன்றிற்கு நாடோறும் உழக்கு நெய் அளத்தற்குத் தொண்ணூற்றாறு ஆடுகளாதல், நாற்பத்தெட்டுப் பசுக்களாதல், பதினாறு எருமைகளாதல் விடப்பட்டன. அவை சாவா மூவாப் பேராடு எனப்பட்டன. இறந்தவற்றிற்கு ஈடாகக் குட்டிகளை நிரப்பி எண்ணிக்கை குன்றாமற் காத்தல் இடையர் கடன். நெய்யெல்லாம் இவ்வாறு கோயிலுக்குஞ் செல்வர் இல்லத்திற்கும் போக, உழுவார் கலத்துக்கு எஞ்சியது மோரே எனக் கொள்ளுதல் பொருந்தும். அம்மோர் பின்னர் ஆராயப்படும்.

இனி, அரிசி. தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்களில் திருவமுதுக்குரிய பழவரிசி, ஐந்து நாழி நெல்லுக்கு இரண்டு நாழி அரிசி என்னும் விகிதத்தாற் கணக்கிடப்பட்டது. இவ்விகிதம் அரிசி நன்கு தீட்டப்பெற்றதென்பதைக் காட்டுவதாகலாம். கோயிலமுதுக்குப் பச்சரிசியே உரியது, புழுங்கலரிசி ஆகாது. குடிமக்கள் வீட்டிலோ நெல்லை நீரில் ஊறவைத்து, அவித்து, களத்தில் உலர்த்தி, உரலிலிட்டு உலக்கையாற் குற்றினர். இறைவனுக்குப் பச்சரிசியும் தமக்குப் புழுங்கலும் என்று பகுத்த வழக்கத்தில் குடிகளின் நலம் அடங்கியிருந்தது என்பதனைப் பகுத்தோர் அறிந்திலர். அதனை உலகம் அறிந்தது கடல்கடந்த நாட்டிலேயாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சை, திருச்சிராப்பள்ளி முதலிய பகுதிகளிலிருந்து கூலியாட்கள் நாகப்பட்டினத்திற் கப்பலேறிப் பினாங்கு முதலிய மலாய்நாட்டுத் துறைகளுக்குச் சென்றனர். அந்நாட்டில் அக்காலத்துப் பெரிபெரி என்னும் கொடுநோய் பரவியிருந்தது. கால் மரத்து வீங்கி, நரம்பு தளர்ந்து, நெஞ்சு நின்று மாய்விக்கும் நோய் அது. சுரங்கங்களில் உழைத்த சீனர் திரள்திரளாக மடிந்தனர். அவர்க்கு அருகே வாழ்ந்த தமிழரை அது பெரும்பாலும் தீண்டவில்லை. நெகிரி செம்பிலானில் மருத்துவராயிருந்த பிராடன் என்பார், சீனர் உண்பது சயாமிலிருந்து வரும் வெள்ளைப் பச்சரிசி, தமிழர் உண்பது புழுங்கலரிசி என்னும் வேற்றுமையைக் கண்டு 1907-இல் பெருநூல் ஒன்று வெளியிட்டார். அரிசியிற் பூஞ்சை பற்றி விளையும் நஞ்சே காரணம் என அவர் கருதியது பிழையாயிற்று. கண்ட வேற்றுமையோ பிழைபடவில்லை.

கோலாலம்பூர்ப் பித்தர் மருத்துவமனையில் 1905-ஆம் ஆண்டின் இறுதி தொடங்கிப் பிளெட்சர் என்பார் இதனைச் சோதித்தனர். உள்ளுறைந்தோரை இரு பகுதியாக்கி ஒரு பகுதியினர்க்கு வெள்ளைப் பச்சரிசியும், மற்றவர்க்கு இந்தியப் புழுங்கலரிசியும் அளித்தார். இடத்தின் குற்றமோ எனும் ஐயம் நீங்க அவர்கள் தங்கிய கட்டடங்களையும் மாற்றினார். பச்சரிசி உண்டார் 18 பேர் அந்நோயால் இறந்தனர். புழுங்கல் உண்டாருள் ஒருவரும் அதனால் இறந்திலர். பின்னர் 1909-இல் பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர், தீட்டுதலால் நீங்கும் தவிட்டின்கண்ணேயே காக்கும் பொருள் உளது எனத் தெளிவித்தனர். அப்பொருளே பி1 எனப்படும் உயிர்ச்சத்து. 1926-இல் சாவகத்தில் அது பிரித்தெடுக்கப்பட்டது. 1936-இல் அதனைச் செயற்கையால் ஆக்கிய வில்லியம்சு என்பார் நெல்லூரிற் பிறந்தவர் என்பது ஈண்டு நினையத்தகும். நெல்லை ஊறவைத்து அவிக்குங்கால் தவிட்டிலும் முளையிலும் உள்ள அச்சத்து நீரோடு அரிசியின் அகத்தே இறங்கித் தங்குகின்றது. பின்னர் எத்துணைத் தீட்டினும் முழுதும் ஒழிவதில்லை.

அவ்வாட்கள் அனைவரும் மரக்கறியே உண்டவரல்லர். கருவாடு வாய்த்தபோது உண்டனர். எனினும் கலத்தில் நிறைந்தது சோறே ஆகலின், நலமும் கேடும் சோற்றைப் பற்றியே நின்றன. சென்னை மாகாணத்துள்ளும் இவ்வுண்மை காணப்பட்டது. ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட வடசர்க்கார்க் கரையோரத்தில் பெரிபெரி வேரூன்றி நிற்க, புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிதாயிற்று.

மறுதலையாகிய சான்றும் மறைக்கற்பாலதன்று. குன்னூரில் மக்காரிசன் என்பார் இந்நாட்டுப் பல வகுப்பாரின் உணவுகளை எலிகளுக்கு ஊட்டி ஆராய்ந்தபோது, முழுக்கோதுமை, பருப்பு, கீரை இவற்றோடு பாலும் வெண்ணெயும் சேர்ந்த சீக்கியர் உணவு தலையாயதாகவும், தீட்டிய அரிசி மிகுந்து பால் குன்றிய சென்னைநாட்டு உணவு கடையாயதாகவும் நின்றன. நிலத்தில் விளைந்தது என்பதொன்றே உணவின் நன்மைக்குச் சான்றாகாது என்பது இதனாற் பெறப்படும்.

நாகையிற் பிறந்த மறைமலையடிகள் (1876–1950) மக்கள் நூறாண்டு உயிர்வாழ்தல் எப்படி என்னும் நூல் எழுதி, மரக்கறி உணவை உடல்நலத்தொடு பொருத்திக் காட்டினார்கள். காந்தியடிகளோ 1912-இல் தென்னாப்பிரிக்காவில், தமிழர் பலர் உடனுறைந்த டால்ஸ்டாய் பண்ணையில், பாலையும் விலக்கினார். 1918-இல் சீதபேதியால் உடல் நைந்து எழமாட்டாராய்க் கிடந்து, 1919-இல் ஆட்டுப்பால் கொள்ள இசைந்தார். பாலுக்கு ஈடான நிலைத்திணைப் பொருளை அறிந்தார் உளரேல் தெரிவிக்குமாறு தம் வரலாற்று நூலிலே வேண்டிக்கொண்டமை, அவர்தம் உள்ளத்து அவ்வினா தீராது நின்றது என்பதைக் காட்டும்.

சோழநாட்டில் உலக்கை ஓய்ந்து ஆலைகள் பெருகிய பின்னர், சோறு வெள்ளைவெளேரெனத் தோன்றுதலே சிறப்பெனக் கொள்ளப்பட்டது. பெரிபெரி அகன்ற இடத்தில் நீரிழிவு வந்து புகுந்தது. 2023-இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வு இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டார் நீரிழிவுடையர் எனக் கணித்தது. சென்னையில் நிகழ்ந்த ஆய்வும் தீட்டிய தானியம் மிக உண்பார்க்கு அந்நோய் மிகுதியாகக் காணப்படுதலைக் காட்டிற்று. ஊனையும் பாலையும் நீக்கி அவற்றின் இடத்தை இன்னும் ஒரு கரண்டி வெள்ளைச் சோற்றால் நிரப்புவார் எந்நோய்க்கு அஞ்சினரோ அதனையே அழைப்பாராவர். இளங்காட்டில் தோன்றிய நம்மாழ்வாரும் (1938–2013), திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல்திருவிழா நடாத்தி 2018-இல் மறைந்த நெல் ஜெயராமனும் மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் முதலிய பழைய நெல்வகைகளை உழவர் கையில் மீட்டும் சேர்ப்பித்தனர். பழைய நெல்லாயினும் வெளுக்கத் தீட்டின் பயன் குன்றும்; தவிட்டோடு உண்ணல் வேண்டும். பருப்பும் பயறும் கீரையும் சோற்றிற்குத் துணையென்பதை விட்டுச் சோற்றோடு ஒத்த அளவின என்று கொள்ளல் வேண்டும்.

எஞ்சியது மோர். பால்வகையும் ஒழித்தாரைக் குறிக்க வீகன் என்னும் சொல்லை இங்கிலாந்தில் வாட்சன் என்பார் படைத்தது 1944-இல். பி12 என்னும் உயிர்ச்சத்து பிரித்தெடுக்கப்பட்டது 1948-இல். அச்சத்துக் குறைவு அந்நெறியினர் சிலரிடத்துக் காணப்பட்டமை 1955-இல் அந்நாட்டு மருத்துவரால் விரித்துரைக்கப்பட்டது. குருதி குன்றுதலும் நரம்பு கெடுதலும் அக்குறைவின் குறிகள். அவை வெளிப்பட ஆண்டுகள் பல செல்லுதலின், தொடக்கத்து நலங்கண்டு அமைவார் ஏமாறுதல் கூடும். நெல்லோ, கீரையோ, பருப்போ அச்சத்தைத் தாரா. சோழநாட்டு மரக்கறியாளர்க்கு அதனைத் தந்தவற்றுள் தலையாயது நாடோறும் உண்ட மோரும் தயிருமே. ஆகலின் அவற்றைத் துறப்பார் மருத்துவரை உசாவி அச்சத்தை வேறுவகையாற் கொள்ளல் இன்றியமையாதது. கருவுற்றார்க்கும் மகவுக்குப் பாலூட்டுவார்க்கும் இது மிகவும் வேண்டப்படும். அம்மருந்து முதற்கண் ஈரலிலிருந்து எடுக்கப்பட்டமையாற் சைவர் சிலர் அதனை ஐயுறுவர். இக்காலத்து அது நுண்ணுயிர்களை வளர்த்து ஆக்கப்படுகின்றது. மாத்திரையின் உறை ஊன்பசையால் ஆயதோ என்பதொன்றே வாங்குங்கால் நோக்கற்பாலது.