பள்ளிக் கட்டடமும் ஊரார் கடமையும்

கல்விக்குப் பேர்பெற்ற நம் காஞ்சிமாநகரில் பாடசாலைகளின் வரலாற்றை ஆராய்வோர், பச்சையப்ப முதலியாரின் அறத்தையே முதற்கண் நினைப்பர். 1794-இல் மறைந்த அவ்வள்ளலின் பொருள், நெடுங்காலம் வழக்கிற் கிடந்து மீண்ட பின்னரே பள்ளிகளாயிற்று. ஒருவர் கொடையை மட்டும் நம்பியிருத்தலின் இடர் இதனால் விளங்கும்.

பின்னர், 1958-ஆம் ஆண்டில், அக்காலத்து நம் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த கடம்பத்தூரில் வேறொரு வழி பிறந்தது. காமராசர் அப்போது முதலமைச்சர். காஞ்சிக்கு அண்மையதாகிய நெய்யாடுபாக்கத்திற் பிறந்த நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநர். ஆங்கே பள்ளிச் சீரமைப்பு மாநாடு முதன்முதற் கூடிற்று. பள்ளிக்கு வேண்டுவனவற்றை முன்னரே ஆய்ந்து பட்டியலாக எழுதினர். ஊரார் தத்தமக்கு இயன்றதை ஏற்றனர். ஆய்வு முன்னும் பொருள் பின்னுமாக அமைந்த இம்முறையே அம்மாநாட்டின் சிறப்பென்போம்.

ஆராயாது விட்டதன் பயனை 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்திற் கண்டோம். கீற்றுக் கூரையிற் பற்றிய தீக்கு 94 குழந்தைகள் இரையாயினர்.

இக்காலத்தில் அரசு நபார்டு வங்கியிற் கடன் பெற்றும் வகுப்பறைகள் கட்டுகின்றது. அக்கடனைத் தீர்ப்போர் வரி செலுத்தும் மக்களே ஆவர். கடன் தீருமுன் கட்டடம் சிதையுமாயின் அவர்க்கு இரட்டை நட்டமன்றோ? அறுந்த இழையைப் பிணையாது பாவைத் தறியேற்றும் நெசவாளர் நம்மூரில் இலர். அன்பர்காள்! மழைக்கு முன் நும் தெருப் பள்ளியின் கூரையையும் சுவரையும் ஒருமுறை நேரிற் சென்று காண்மின். குறை கண்டால் உரியோர்க்கு எழுதுமின்.