மோட்டார் சைக்கிள் காற்றுச் சஸ்பென்ஷனில் கசிவு காணுதல்

வாகனத்தின் பாரத்தை எஃகுச் சுருள்வில்லுக்குப் பதிலாகவோ துணையாகவோ அழுத்தப்பட்ட காற்று தாங்கும்படி செய்த அமைப்பு காற்றுச் சஸ்பென்ஷன் எனப்படும். 1980-இல் வெளிவந்த ஹோண்டா கோல்டு விங் ஜிஎல்1100 வண்டியில் இதை உற்பத்தியாளரே அமைத்துக் கொடுத்தனர். இங்கு எடுத்துக்கொண்ட விஷயம் அதுவன்று. வண்டி வாங்கிய பின் உரிமையாளர் தனியே வாங்கிப் பொருத்திக்கொள்ளும் அமைப்புகளில் நேரும் கசிவே ஆகும். அமெரிக்காவின் ஹார்லி-டேவிட்சன் வண்டிகளில் இவ்வமைப்புகள் மிகுதி. பின்னிருக்கையில் ஆள் ஏறினால் பாரத்துக்கேற்ப வண்டியை உயர்த்திக்கொள்ளலாம் என்பது இவற்றின் பிரயோஜனமாகச் சொல்லப்படினும், நிறுத்திய இடத்தில் வண்டியைத் தரையோடு படியவைத்து அழகு பார்ப்பதே பலருக்குப் பிரதானம்.

12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறு கம்ப்ரசர், காற்று திரும்பிவராமல் காக்கும் ஒருவழி வால்வு, வேண்டும்போது காற்றை வெளியேற்றும் சோலினாய்டு வால்வு, மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள், அவற்றைச் சேர்க்கும் இணைப்புகள், இறுதியில் பாரத்தைச் சுமக்கும் ரப்பர்க் காற்றுப் பைகள் ஆகியவை இதன் பாகங்கள்.

இரவில் நிமிர்ந்து நின்ற வண்டி காலையில் தாழ்ந்திருக்கக் கண்டவுடன் கசிவென்று முடிவுசெய்வது அவசரமாகும். கனவளவு மாறாத கலத்தில் 20 பாகை செல்சியஸில் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு காட்டும் அழுத்தமானி, உஷ்ணம் 5 பாகையாகக் குறையின், ஒரு துளிக் காற்றும் வெளியேறாமலே ஏறத்தாழ 94 பவுண்டு காட்டும். கம்ப்ரசரிலிருந்து புதிதாக வந்த காற்றும் சூடாகவே இருப்பதால், அது ஆறும்போதும் சிறிது இறக்கம் இயல்பே. மேலும், சக்கரங்களின்மீது நிற்கும் வண்டியில் பையின் அழுத்தத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் வண்டியின் பாரமாதலால், காற்று கசியக் கசிய வண்டி தாழுமேயன்றி மானியின் முள் அதற்கேற்ப இறங்காது. ஆகவே மானியை மட்டும் நம்பாமல், பின் மட்கார்டின் விளிம்புக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை மாலையிலும் காலையிலும் அளந்து ஒப்பிடுவதே உத்தமம்.

கசிவு உண்மையென்று தெளிந்தபின் செய்யவேண்டுவது பிரித்தறிதல். பையின் வாயில் குழாயைக் கழற்றிவிட்டு, டயரில் காணப்படும் வால்வு போன்ற ஒன்றைப் பொருத்திக் கைப்பம்பினால் காற்றேற்றி ஓர் இரவு விட்டுவைத்தால், வண்டி தாழ்ந்ததாயின் பழுது பையிலோ அந்த வாயிலோ என்றும், தாழாதாயின் குழாய், வால்வு ஆகியவற்றின் பக்கம் என்றும் தெரிந்துவிடும். இரு பைகளும் ஒரே குழாயில் இணைந்திருக்கும் அமைப்பில் ஒன்றில் துளையிருந்தாலும் இரண்டும் சேர்ந்தே தாழுமாகையால், இவ்வாறு தனித்தனியே சோதிப்பது அத்தியாவசியம். காற்றைத் திறந்துவிடுமுன் வண்டியின் சட்டத்தை ஜாக்கியில் தாங்கவைப்பது, விரலின்மீது ஆசையுள்ளவர் மறக்கலாகாத முறை.

பிறகு பாத்திரம் துலக்கும் திரவத்தை நீரில் கலந்து, காற்றேற்றிய நிலையில் இணைப்புகள்மீது தடவிக் குமிழியைத் தேடவேண்டும். கண்ணாடி துடைக்கும் திரவங்களுள் அம்மோனியா கலந்தவை பித்தளை இணைப்புகளில் வெடிப்பு உண்டாக்கக்கூடியவை. ஆகையால் அவை கூடா. மந்தமான கசிவில் குமிழி தோன்றச் சில நிமிஷங்கள் ஆகும். ஒரு நிலையில் மூடியிருக்கும் விரிசல் வேறொரு நிலையில் திறந்துகொள்வதும் உண்டாதலால், வண்டியை உயர்த்தி ஒருமுறையும் தாழ்த்தி ஒருமுறையும் பார்ப்பது நலம். 1984 முதல் 2017 வரை வெளிவந்த ஹார்லி-டேவிட்சன் சாஃப்ட்டெயில் வண்டிகளில் ஷாக் அப்சார்பர்கள் கியர்பாக்ஸின் அடியில் படுக்கையாக இருப்பதால், சாலைச் சேற்றைக் கழுவாமல் அங்கே எதுவும் புலப்படாது.

அனுபவத்தில் பையைவிட இணைப்பே பெரும்பாலும் குற்றவாளி. செருகிய மாத்திரத்தில் பற்றிக்கொள்ளும் இணைப்பில், உள்ளிருக்கும் ஓ-ரிங் குழாயின் வெளிப்புறத்தைத் தழுவியே காற்றைத் தடுக்கிறது. ஆதலின் கத்தரிக்கோலால் நசுக்கிச் சாய்வாக வெட்டிய குழாயும், பலமுறை செருகிப் பிடுங்கியதனால் கீறல் விழுந்த குழாயும், வளைத்து ஒருபக்கமாக இழுபடும்படி பொருத்திய குழாயும் அங்கே கசிந்தே தீரும். கூரிய கத்தியால் நேராக, கீறலற்ற பகுதி வரை வெட்டி, இறுதிவரை அழுத்திச் செருகினால் இப்பழுதுகளில் மிகப் பல செலவின்றியே நீங்கும். ஸ்விங் ஆர்மில் உராய்ந்தோ சைலன்சரின் சூட்டில் இளகியோ போன குழாயை முழுதும் மாற்றுவதன்றி வேறு வழியில்லை.

சோலினாய்டின் வெளியேற்று வாயில் காட்டிய நுரை ஓயாமல் குமிழியிட்டால், அதன் உள்ளிருக்கையில் தூசு படிந்துள்ளதென்று கொள்ளலாம். மரையில் சுற்றிய டெஃப்லான் டேப்பின் துணுக்கே பலசமயம் அந்தத் தூசு. முதல் இரண்டு மரைகளை விட்டுச் சுற்றியிருந்தால் அது உள்ளே போயிராது. கம்ப்ரசரின் பக்கமாகக் காற்று பின்வாங்கின் ஒருவழி வால்வைச் சந்தேகிக்கவேண்டும். காற்றுத் தொட்டியுள்ள அமைப்பில், வண்டி நின்றிருக்கும்போதே கம்ப்ரசர் அடிக்கடி தானாக ஓடுவது கசிவின் அடையாளம். அந்தச் சிறு யந்திரம் தொடர்ந்து உழைப்பதற்கென்று செய்யப்பட்டதன்று, சூடேறிக் கருகிவிடும்.

பையில் விரிசல் கண்டால், அது மடிந்து நிமிரும் இடத்திலேயே பெரும்பாலும் தோன்றும். சைக்கிள் டியூபைப்போல் அதற்கு ஒட்டுப்போடுவது வீண். மடிப்பு அசையும்தோறும் ஒட்டு பெயர்ந்துவிடுமாகையால், பையை மாற்றியே ஆகவேண்டும்.