பந்தயக் காரின் வார்கள்: பத்து தீகா முதல் சிப்பாங் வரை



கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியாக பிரிக்பீல்ட்ஸுக்கு வருவோர் பத்து தீகாவைக் கடந்தே வருகின்றனர். ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் நின்ற மண் அது. 1968ஆம் ஆண்டில் அங்கே கார்ப் பந்தயத் திடல் ஒன்று அமைந்தது. இன்று அத்திடல் இல்லை. அவ்விடத்தில் வீடுகள் எழுந்துவிட்டன. அங்கே ஓடிய கார்களின் வேகத்தைப் பலர் பேசியிருக்கின்றனர். நாம் இன்று பேசப்போவது, அக்கார்களுக்குள் இருந்த மனிதரைப் பிடித்து நிறுத்திய வார்களைப் பற்றி.

இதைப் பேசத் தூண்டியவர் நம்மிடம் முன்பு படித்த ஓர் இளைஞர். கிள்ளானில் பட்டறை வேலை செய்பவர். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு, ஒரு நாள் தோட்டப் பள்ளிக்கே ஓட்டி வந்தார். காரில் இருந்த சாதாரண பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பந்தயக் காரின் நான்கு வார்களைப் பொருத்தியிருந்தார். தோள் வார்கள் இரண்டும் இருக்கைக்குப் பின்னே நேராக இறங்கித் தரையில் ஒரே போல்ட்டில் முடிந்தன. "இனிப் பயமில்லை சார், ரேஸ் கார் பெல்ட்!" என்றார். நாமும் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தோம். அது தவறு என்பதைப் பிறகுதான் அறிந்தோம்.

முதலில் ஒரு கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் சுவரில் மோதினால் கார் நின்றுவிடும். உள்ளே இருப்பவர் நிற்பதில்லை. அதே வேகத்தில் முன்னே பாய்கிறார். ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து விழுவதற்கு ஒப்பானது அது. அந்தப் பாய்ச்சலைத் தாங்கி நிறுத்துவதே வாரின் வேலை. பிரிக்பீல்ட்ஸ் செங்கற் சூளைகளின் ஊராக இருந்த நாளில் மாட்டு வண்டிகள் ஓடின. பூட்டாங்கயிற்றை எங்கே கட்ட வேண்டும் என்பது வண்டிக்காரருக்குத் தெரியும். இடம் தவறினால் அதே கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். மனிதரைக் கட்டும் வாருக்கும் அதுவே நீதி.

இந்தப் பாடத்தை உலகம் எளிதில் கற்கவில்லை. 1959ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின், இடுப்பையும் மார்பையும் மூன்று இடங்களில் பிடிக்கும் பெல்ட்டை உருவாக்கினார். அதற்கு முன் அவர் விமானிகளை ஆபத்தில் வெளியே எறியும் இருக்கைகளை வடிவமைத்தவர். வோல்வோ அந்த அமைப்பைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. இன்று நம் கார்களில் இருப்பது அந்தப் பெல்ட்தான்.

ஆனால் பந்தய வீரர்களுள் பலர் வாரை வெறுத்தனர். கார் தீப்பற்றினால் கட்டுண்டு எரிவதைவிடத் தூக்கி எறியப்படுவது மேல் என்று எண்ணினர். பிரான்சின் லெ மான் நகரில் நடைபெறும் 24 மணி நேரப் பந்தயத்தில், வீரர்கள் சாலையின் குறுக்கே ஓடிச் சென்று காரில் ஏறிப் புறப்படுவது அன்று வழக்கமாக இருந்தது. அந்த அவசரத்தில் வாரைப் பூட்ட யாருக்கு நேரம் இருக்கும்? 1969ஆம் ஆண்டுப் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் ஜாக்கி இக்ஸ் ஓட மறுத்தார். மெல்ல நடந்து சென்று, வாரை நன்றாகப் பூட்டிக்கொண்டு, கடைசியாகப் புறப்பட்டார். அன்று முதல் சுற்றிலேயே ஜான் வுல்ஃப் என்னும் வீரர் காரிலிருந்து தூக்கி எறியப்பட்டு மாண்டார். இக்ஸும் அவருடைய துணை வீரர் ஜாக்கி ஆலிவரும் 24 மணி நேரம் கழித்து ஏறத்தாழ 120 மீட்டர் வித்தியாசத்தில் வென்றனர். அடுத்த ஆண்டு முதல் வீரர்கள் வாருடன் அமர்ந்த பிறகே பந்தயம் தொடங்கியது.

அந்த இக்ஸ் நம் மண்ணுக்கும் வந்தவர். 1985ஆம் ஆண்டு டிசம்பரில் பத்து தீகா திடலில் நடந்த சிலாங்கூர் 800 கிலோமீட்டர் ஸ்போர்ட்ஸ் கார்ப் பந்தயத்தில், ஜெர்மானியரான ஜோகன் மாஸுடன் போர்ஷே காரை ஓட்டி வெற்றி பெற்றார்.

வாரைப் பூட்டினால் மட்டும் போதுமா? போதாது என்று காட்டியது 1970ஆம் ஆண்டு. இத்தாலியின் மோன்சா திடலில் யோகன் ரிண்ட் பயிற்சி ஓட்டத்தில் மோதினார். தீயிலிருந்து விரைந்து வெளியேற வேண்டுமென்று, தொடைகளுக்கு இடையே வரும் வாரை அவர் பூட்டுவதில்லை. மோதலில் உடல் இடுப்பு வாருக்குக் கீழே வழுக்கிச் சென்றது. வாரே அவர் தொண்டையை அறுத்தது. அவ்வாண்டின் உலக வெற்றியாளர் பட்டம் அவருடைய மறைவுக்குப் பிறகே அவருக்குக் கிட்டியது. 1972இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஆறு முனை வார் கட்டாயமாயிற்று.

இனி, பந்தய வாரைப் பொருத்தும் முறையைப் பார்ப்போம். ஒவ்வொரு விதிக்கும் ஒரு காரணம் உண்டு.

இடுப்பு வார் வயிற்றின் மீது அன்று, இடுப்பெலும்பின் மீது படிய வேண்டும். எலும்பு தாங்கும்; வயிறு தாங்காது. தொடைகளுக்கு இடையிலான வார், இடுப்பு வார் மேலே ஏறாமல் பிடித்துக்கொள்ளும். தோள் வார்கள் தோளிலிருந்து பின்னோக்கி ஏறத்தாழக் கிடைமட்டமாகச் செல்ல வேண்டும். சரிவு 10 பாகைக்குள் இருப்பது நலம். 45 பாகையைத் தாண்டவே கூடாது என்பது அனைத்துலக மோட்டார் சம்மேளனத்தின் விதி. நேராகத் தரைக்கு இறங்கினால், உடல் முன்னே பாயும் கணத்தில் வார் தோள்களைக் கீழே அழுத்தும், முதுகெலும்பு நசுங்கும். அந்த இளைஞர் செய்திருந்தது இதுவே.

வார் கட்டப்படும் இடமும் வாரைப் போலவே முக்கியம். காரின் மெல்லிய தகட்டில் வெறும் போல்ட்டை முடுக்கினால், அது தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிப்பும் 40 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள எஃகுத் தகடு அடியில் தாங்க வேண்டும். இருக்கையும் வார்கள் நுழையும் துளைகள் கொண்ட பந்தய இருக்கையாக இருத்தல் வேண்டும். ஒரு முறை கடும் மோதலைத் தாங்கிய வாரை மீண்டும் பயன்படுத்தலாகாது. மோதலே காணாவிட்டாலும், செய்யப்பட்ட ஆண்டு முடிந்து 5 ஆண்டுகளுக்கு மேல் பந்தயத்தில் அதை ஏற்பதில்லை.

இவை எல்லாம் சரியாயினும் இரண்டு குறைகள் எஞ்சும். கார் கவிழ்ந்து கூரை அமுங்கினால், சாதாரண பெல்ட் அணிந்தவர் சற்றேனும் சாய முடியும்; பந்தய வார் அணிந்தவர் நிமிர்ந்தபடியே சிக்குவார். எனவே உள்ளே இரும்புக் கூண்டு வேண்டும். இரண்டாவது, உடல் அசையாது நிற்கும்போது தலை மட்டும் முன்னே வீசப்படும். 2001ஆம் ஆண்டில் அமெரிக்க வீரர் டேல் எர்ன்ஹார்ட் டேடோனாவில் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து இறந்தார். தலைக்கவசத்தைத் தோளோடு பிணைக்கும் ஹான்ஸ் கருவி, 2003இல் ஃபார்முலா ஒன் பந்தயத்திலும் கட்டாயமாயிற்று. 2005இல் நம் சிப்பாங் திடலில் 11ஆம் இடம் பெற்ற தமிழர் நரேன் கார்த்திகேயன், இந்தப் பாதுகாப்புகள் எல்லாம் நிலைபெற்ற பிறகே அங்கு ஓட்டினார். அவருக்கு முந்தியவர்கள் உயிரால் கட்டிய கட்டணம் அது.

ஆகவே கூண்டும் தலைக்கவசமும் ஹான்ஸ் கருவியும் இல்லாத சாலைக் காருக்கு, அதனுடன் வந்த மூன்று முனைப் பெல்ட்டே ஏற்றது. பந்தய வாரில் இறுகியவர் சந்திப்பில் எட்டிப் பார்க்கவும் இயலாது. இதையெல்லாம் அந்த இளைஞரிடம் சொன்னோம். முதலில் முகம் வாடினார். மறுவாரம் பழைய பெல்ட்டை மாட்டிக்கொண்டு வந்தார். தட்டிக்கொடுத்ததற்காக நாமும் அவரிடம் வருத்தம் தெரிவித்தோம்.

நம் நாட்டில் முன்னிருக்கைக்குப் பெல்ட் 1979 ஏப்ரல் முதல் நாளிலும், பின்னிருக்கைக்கு 2009 ஜனவரி முதல் நாளிலும் கட்டாயமாயிற்று. போலின் பெல்ட்டைத் தந்து 50 ஆண்டுகள் கழித்தே பின்னிருக்கைக்குச் சட்டம் வந்தது. குழந்தை இருக்கைக்கான விதி 2020இல் வந்தது. சட்டம் வந்த பின்னும், பண்டிகை நாளில் பின்னிருக்கையில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் பெல்ட் இன்றி நெருக்கி அமர்ந்து செல்வதைக் காண்கிறோம். மடியில் வைத்த பிள்ளையைக் கை பிடித்துக்கொள்ளும் என்பது நம் அன்பு செய்யும் கணக்கு. மூன்றாம் மாடியிலிருந்து விழும் பிள்ளையை எந்தக் கையும் பிடித்து நிறுத்தாது.

இன்று வீடு திரும்பும்போது, காரை எடுக்குமுன் பின்னே ஒரு முறை திரும்பிப் பாருங்கள். எல்லாப் பெல்ட்டும் பூட்டிய பிறகு புறப்படுங்கள். அன்று இக்ஸ் எடுத்துக்கொண்டதும் அந்தச் சில விநாடிகளைத்தான்.