கழுவேலியில் கை வைத்த குடும்பங்கள்

புதிதாக ஓர் ஊருக்கு வந்த குடும்பம் அங்குள்ள ஆற்றிலோ கழியிலோ மீன் பிடிக்கத் தொடங்க என்ன வேண்டும்? வலையும் தூண்டிலும் என்றுதான் நாம் சட்டென்று சொல்வோம். நம் வானூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கழுவேலியிலும், அதைக் கடலோடு சேர்க்கும் எடையன்திட்டு உப்பங்கழியிலும் இறங்கிய இருளர் குடும்பங்களின் கதையைப் பார்த்தால் விடை வேறாக இருக்கிறது. அவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தது, யாரும் தடுக்காத ஒரு துண்டு நீர். இன்றைக்கு வேண்டியிருப்பது ஒரு துண்டுக் காகிதம். காகிதங்களோடு உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவன் என்பதால் இதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

இருளர் நீரில் பிறந்த தொழிலுக்காரர்கள் அல்லர். பழைய செங்கல்பட்டு, வடஆற்காடு, தென்ஆற்காடு ஜில்லாக்களில் காட்டோரத்திலும் வயல் ஓரத்திலும் இருந்தவர்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில் இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். வில்லியர் என்ற பெயரும் இவர்களுக்கு உண்டு. புதுச்சேரிப் பக்கத்தில் அந்தப் பெயரைத்தான் சிறுவயதில் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். தேன், மூலிகை, விறகு, வயல் எலி, பாம்பு, இவைதான் அவர்கள் பிழைப்பு. வயலில் எலி பெருகிவிட்டால் மிராசுதார் இவர்களைத்தான் கூப்பிட்டு அனுப்புவார். வளையைத் தோண்டி எலியையும், எலி சேர்த்து வைத்த நெல்லையும் எடுத்துக்கொள்வார்கள்.

பிறகு பாம்புத் தோல் வியாபாரம் வந்தது. தோல் மண்டிகளுக்கு நல்லபாம்பு, சாரை, கண்ணாடிவிரியன் என்று பிடித்துக் கொடுத்துப் பல குடும்பங்கள் வாழ்ந்தன. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதி நின்றது. பாம்புகளுக்கு நல்லதுதான். ஆனால் அதைப் பிடித்தவன் மறுநாள் எங்கே போவான் என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. 1978இல் ரோமுலஸ் விட்டேகர் முயற்சியால் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்து, மருந்து செய்பவர்களுக்கு விற்கும் நல்ல யோசனை அது. ஆனாலும் உறுப்பினராக முடிந்தது சில நூறு பேரால்தான். மற்றவர்கள் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் சவுக்கு வெட்டவும் போனார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு கொத்தடிமையாகச் சிக்கியவர்கள் அதில் ஏராளம். இன்னும் சிலர் தண்ணீர்ப் பக்கம் திரும்பினார்கள். அவர்களுக்கு முன்பே கழிகளில் இறங்கியிருந்த உறவுக்காரர்கள் சிலர் வழிகாட்டினார்கள்.

எந்தத் தண்ணீரில் இறங்குவது? அதுதான் முதல் கேள்வி.

கடல் பட்டினவர்களுடையது. குப்பத்துப் பஞ்சாயத்து, படகு, வலை, கோயில் வரி என்று தலைமுறைகளாக வந்த கட்டு அது. வெளியாள் அதில் நுழைய முடியாது. ஊர் ஏரிகளுக்கு ஆண்டுக்கு ஆண்டு மீன்பாசி ஏலம் உண்டு. ஏலம் எடுக்கப் பணம் வேண்டும். எடுத்தவர் காவல் போட்டுவிடுவார். இரண்டுக்கும் நடுவில் மிஞ்சியது சேறு நிறைந்த உப்பங்கழிகளும் பக்கிங்ஹாம் கால்வாயும்தான். அந்தக் கால்வாய் ஆந்திராவின் பெத்தகஞ்சத்தில் தொடங்கிச் சுமார் 420 கிலோமீட்டர் கடற்கரையை ஒட்டியே வந்து நம் மரக்காணத்தில் முடிகிறது. 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்களின் உழைப்பும் அதில் கலந்திருக்கிறது. உப்பும் விறகும் ஏற்றிய தோணிகள் நின்றுபோன பிறகு, அந்த ஆழமில்லாத நீரைப் பெரிய வலைக்காரர்கள் பொருட்படுத்தவில்லை. இடுப்பளவுத் தண்ணீர், காலைப் பிடிக்கும் சேறு, சிப்பி ஓடு. புதிதாக வந்தவனுக்குக் கிடைப்பது அப்படிப்பட்ட இடம்தான்.

கழுவேலியை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு விஷயம். மேற்கே ஏரிகளிலிருந்து வரும் மழைத்தண்ணீர், கிழக்கே முகத்துவாரம் வழியாக ஏறும் கடல் தண்ணீர், இரண்டும் சந்திக்கும் இடம் அது. பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்பு என்பார்கள். இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் கழிக்குள் வந்து சில மாதம் வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் முகத்துவாரத்தை உடைத்துவிட்டால் இந்தப் போக்குவரத்து நன்றாக நடக்கும். ஆக, கடலில் படகு இல்லாதவனுக்கும் கடலின் பங்கு ஒன்று கழிக்குள் வந்து சேருகிறது.

அதை எப்படிப் பிடித்தார்கள் என்பதில்தான் கதையே இருக்கிறது. வெறும் கையால் பிடித்தார்கள்.

ஓய்வுபெற்று வானூருக்கு வந்தபின் மரக்காணம் சாலையில் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். ஆணும் பெண்ணுமாக வரிசையாகத் தண்ணீரில் இறங்குவார்கள். வற்றம் தொடங்கித் தண்ணீர் இறங்கும் நேரமாகப் பார்த்துப் போவார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற வற்றம் பெரிதாக இருப்பதால் அந்தக் கணக்கு அவர்களுக்கு அத்துப்படி. பனையோலையால் பின்னிய பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள், அல்லது கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். இரண்டு கையும் சேற்றில் துழாவும். கால் விரல் பள்ளத்தைத் தேடும். இறாலைத் தொட்டால் அது வாலை மடக்கிப் பின்பக்கமாகத் துள்ளும். அதனால் ஒரு கை முன்னே போனால் மறு கை பின்னே காத்திருக்கும். களி நண்டு இருக்கும் வளையில் எந்தப் பக்கம் விரல் விடுவது என்பது தனிப் பாடம். கெளுத்தி முள் குத்தினால் அன்றைய வேலை போச்சு.

எலி வளைக்குள் கைவிட்டுப் பழகியவர்களுக்கு இது அவ்வளவு தூரமான வித்தை இல்லை என்று எனக்குத் தோன்றும். வளையின் வாய், அதன் போக்கு, உள்ளே இருப்பது திரும்பிப் பாயும் திசை, இதெல்லாம் காட்டிலும் வயலிலும் கற்ற பாடம்தான். இடம் மாறியது, கை மாறவில்லை.

ஒருநாள் சாலையோரத்தில் இறால் கூறு வைத்து விற்ற ஒரு வயதான அம்மாவிடம், "ஏம்மா, ஒரு வீச்சு வலை வாங்கிக்கிட்டா இந்தக் கஷ்டம் இல்லையே?" என்று கேட்டேன்.

"வலை வச்சா நாலு பேரு கேப்பாங்க ஐயா. கைய யாரு கேப்பாங்க?" என்றார்.

இதைவிடச் சுருக்கமாக யாரும் இந்த வரலாற்றைச் சொல்லிவிட முடியாது. வலை கட்டினால் அது ஓர் இடத்தைப் பிடிக்கிறது. இடத்தைப் பிடித்தால் வழக்கு வரும். பழவேற்காட்டில் பாடு என்ற முறை இருக்கிறது. எந்தக் குடும்பம் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று பட்டினவர் கிராமங்கள் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கின்றன. சண்டையில்லாமல் நீரைப் பகிரும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் வெளியிலிருந்து வந்தவருக்கு அதில் சீட்டு இல்லை. அங்கும் இருளர்கள் கையால்தான் பிடிக்கிறார்கள். எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றிலும், தெற்கே கிள்ளை, பிச்சாவரத்திலும் இதே கதைதான். நாகரிகம் தெரியாததால் கையால் பிடிக்கிறார்கள் என்று படித்தவர்கள் எழுதியதுண்டு. முதல் இல்லாமலும் யாரோடும் மோதாமலும் தொழில் தொடங்க வந்தவர்கள் கண்டுபிடித்த வழி அது என்பது என் எண்ணம்.

இங்கே என் பழைய பள்ளிக்கூடப் புத்தி குறுக்கே வருகிறது. பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு 1789 ஆகஸ்ட் 4ஆம் தேதி இரவு பிரபுக்களின் தனியுரிமைகள் ஒழிக்கப்பட்டதை மனப்பாடமாகச் சொல்லத் தெரியும். பிரான்சில் குடியேறிய என் தங்கை மகன் சில வருடங்களுக்கு முன் பிள்ளைகளோடு ஆற்றில் மீன் பிடிக்கத் தொடங்கினான். அவன் செய்தது ஒன்றே ஒன்றுதான். மீன்பிடிச் சங்கத்தின் அட்டை, 'கார்த் தெ பேஷ்' என்பார்கள், பணம் கட்டி வாங்கினான். நீ எந்த ஊர், எந்த ஜாதி, எத்தனை தலைமுறை என்று யாரும் கேட்கவில்லை. அட்டை இருந்தால் ஆறு உண்டு. ஆனால் அதே நாட்டுச் சட்டம் ஆற்றில் கையால் மீன் பிடிப்பதைத் தடை செய்திருக்கிறது! அங்கே குற்றமாக எழுதப்பட்டது இங்கே பல குடும்பங்களின் அரிசிக் காசு. தடைக்கு அவர்களுக்கு ஒரு காரணம் இருக்கலாம். ஆனால் புதிதாக வருபவனுக்கு ஒரு காகிதம் சுலபமாகக் கிடைத்தால், அவன் கையை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை என்பதும் அதிலிருந்து தெரிகிறது.

நம் ஊரில் அந்தக் காகிதம் எப்படி இருந்தது? தமிழ்நாட்டில் இருளர் நெடுங்காலமாகப் பட்டியல் பழங்குடியினர். மாநிலத்தின் மிகவும் பின்தங்கிய ஆறு பழங்குடிகளில் ஒன்று என்ற கணக்கும் உண்டு. ஆனால் 1989 நவம்பர் 11 முதல் பழங்குடிச் சான்று கொடுக்கும் அதிகாரம் வட்டாட்சியரிடமிருந்து கோட்டாட்சியருக்குப் போனது. போலிச் சான்றுகளைத் தடுக்க எடுத்த முடிவு. அசல் ஆட்களுக்கும் அதே வாசல்தான். பட்டா இல்லாதவர், பள்ளிக்கூடம் போகாத தகப்பன் உள்ளவர், அலைந்து பிழைப்பதால் நிலையான விலாசம் இல்லாதவர், இவர்கள் எந்த ஆதாரத்தைக் காட்டுவார்கள்? தலைமுறை தலைமுறையாகக் காகிதமே இல்லாமல் வாழ்ந்ததுதான் அவர்கள் இருளர் என்பதற்கு ஆதாரம். அதை மனுவோடு இணைத்துக் கொடுக்க முடியாதே! திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இந்தச் சான்றுகளுக்காக நடந்த நடை நம் பகுதியில் பலருக்கும் தெரியும்.

புதுச்சேரிப் பக்கம் நிலைமை இன்னும் விசித்திரம். அங்கே பழங்குடிப் பட்டியல் என்றே ஒன்று இருக்கவில்லை. 2016 டிசம்பரில்தான் வில்லி, வேட்டைக்காரன் பிரிவுகள் உட்பட இருளர் பழங்குடியாக அறிவிக்கப்பட்டார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் மேசைக்கு வந்த மனுக்களுக்கு "பட்டியலில் இல்லை" என்ற ஒரே பதில்தான் இருந்தது. அண்ணன் வானூர்ப் பக்கம், தம்பி எல்லைக்கு அந்தப் பக்கம். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களில் ஒருவர் பழங்குடி, ஒருவர் இல்லை. இருவரும் ஒரே கழியில், ஒரே பறியோடு இறங்கினார்கள்.

கை போதும் என்றிருந்த காலம் முடிந்துகொண்டிருக்கிறது. யாரும் விரும்பாத நீர் என்று சொன்னேன். அதை இப்போது எல்லோரும் விரும்புகிறார்கள். 1990களில் இறால் பண்ணைகள் கழி ஓரங்களை வளைத்தன. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டிவந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. படகுக்காரருக்குப் படகில் கறை. கையால் துழாவுகிறவருக்கு உடம்பெல்லாம் கறை. நம் கழுவேலி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 5,151 ஹெக்டேருக்கு மேல். பூநாரைக்கும் வாத்துக்கும் வந்த பாதுகாப்பு மகிழ்ச்சிதான். ஆனால் சரணாலயம் என்றால் எல்லையும் அனுமதியும் காவலும் வரும். 1972 சட்டம் ஒருமுறை இவர்களைக் காட்டிலிருந்து வெளியே அனுப்பியது. அதே சட்டம் இரண்டாம் முறை தண்ணீரிலிருந்தும் அனுப்பிவிடக் கூடாது.

அதற்கு வழி இருக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில், காட்டு நிலத்தின் நீர்நிலைகளில் மீன் முதலியவற்றைப் பயன்படுத்தும் சமூக உரிமை எழுதப்பட்டிருக்கிறது. சரணாலயமும் அந்தச் சட்டத்துக்குள் அடங்கும். பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அங்கே வாழ்ந்து, அதை நம்பிப் பிழைத்ததைக் காட்ட வேண்டும். மனு தொடங்கும் இடம் கிராம சபை. ஆதாரமாக அரசுப் பதிவேடுகள்தான் வேண்டும் என்றில்லை. மனுதாரர் அல்லாத பெரியவர்கள் சொல்லும் வாக்குமூலத்தை எழுதிச் சேர்த்தாலும் ஆதாரம் என்று அதன் விதிகள் சொல்கின்றன. உத்தியோகத்தில் நான் பார்த்த எத்தனையோ விதிகளில், ஏழைக்கு இவ்வளவு இடம் கொடுத்த விதி குறைவு.

இதை வாசிக்கிறவர்களில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள். அனுமந்தை, கூனிமேடு, மரக்காணம் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் பலர். சின்ன வயதில் யார் எந்தக் கழியில் இறங்கினார்கள், யாரிடம் இறால் வாங்கினீர்கள், எந்த மேட்டில் அவர்கள் குடிசை இருந்தது என்பதெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். நமக்கு அது சும்மா பேசிப் பொழுதுபோக்கும் ஞாபகம். அவர்களுக்கு அது காகிதம். உங்கள் ஊர் கிராம சபையில் இந்தப் பேச்சு வந்தால், நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நினைவு தெளிவாக இருக்கும்போதே செய்வது நல்லது.